கன்னித்தீவின் நிலைபேறு

இலக்கியத்தின் நிலைபேற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் முற்றுப்பெற்ற நூல்களையே ஆய்வுக்குரியனவாகக் கொள்வர். தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்னும் மூன்றும் அமைந்த ஒன்றனையே முழுமையாக நோக்கி, அதன் பண்பும் பயனும் இவையெனத் துணிதல் கூடும் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்துப் பொருத்தமுடையதே. ஆயின், முடிவு என்பதே இன்றி, மூன்று தலைமுறையினரின் காலைப்பொழுதில் இடம்பெற்றுவிட்ட ஒரு கதையின் நிலைபேற்றை எவ்வாறு ஆராய்வது? அதற்கு எவ்வளவுகோல் பொருந்தும்?

தினத்தந்தி நாளிதழில் 1960ஆம் ஆண்டு தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்துள்ள ‘கன்னித்தீவு’ என்னும் படக்கதை அத்தகையது. அதனை ஈண்டு ஆய்வுப்பொருளாகக் கொள்கின்றோம். நாளிதழின் ஒரு பகுதியில் மூன்று நான்கு கட்டங்களுள் அடங்கும் கதைக்குப் பல்கலைக்கழக ஆய்விதழில் இடமுண்டோ என்று வினவுவார் உளர். யாம் பயின்ற காலத்தில் இலக்கிய வகுப்பில் அப்பெயரை ஒருநாளும் கேட்டிலேம். எனினும், அவ்வகுப்பில் எம்முடன் அமர்ந்திருந்தோருள் அக்கதையை அறியாதார் ஒருவரும் இலர். எல்லோரும் அறிந்த ஒன்றை எவரும் பேசாதிருத்தலே அதனை ஆராய்தற்குப் போதிய காரணம் என்பது எம் கருத்து.

கதையும் கணக்கும்

மதுரையில் 1942ஆம் ஆண்டு சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவனும் செய்தியை அறிதல் வேண்டும், அதற்கு மக்கள் பேசும் எளிய சொற்களே ஏற்றவை என்பது அவர் கொண்ட நெறி. சிறு வாக்கியம், பெரிய தலைப்பு, படம் ஆகியவற்றால் அவ்விதழ் புதிய படிப்பாளர் கூட்டம் ஒன்றை உருவாக்கிற்று. கன்னித்தீவு தோன்றியது அக்கூட்டத்தினர்க்காகவே.

கதையின் கரு மிகச் சுருங்கியது. மூசா என்னும் மந்திரவாதி, லைலா என்னும் அழகியைச் சின்னஞ்சிறு உருவினளாகச் சுருக்கிவிடுகின்றான். சிந்துபாத் என்னும் வீரன் அவளை மீண்டும் இயல்பான உருவினளாக்க வழிதேடிக் கடலும் தீவும் கடந்து அலைகின்றான். இத்துணையே கரு. இடையில் வருவன எல்லாம் கிளைக்கதைகள். ஒவ்வொரு நாட்பகுதியும் தனக்குரிய வரிசை எண்ணைத் தாங்கி வரும். ஆண்டுக்கு 350 நாள் எனக் குறைத்துக் கணக்கிடினும், அறுபது ஆண்டுகட்கு 21,000 பகுதிகள் ஆகின்றன. ஒரு பகுதிக்கு மூன்று கட்டமெனக் கொள்ளின், 63,000 படங்கள். தமிழில் அச்சேறிய கதைகளுள் இத்துணை நீண்டதொன்றை யாம் அறியோம்.

இந்நெடும்பரப்பில் எழுதுவோர் மாறினர், வரைவோரும் மாறினர், அச்சுமுறையும் மாறிற்று. மாறாது நின்றவை மூன்று. அவை பெயர், கரு, நாள்தோறும் சிறிதளவே கூறும் முறை என்பன. இம்மூன்றனுள் எதனால் இக்கதை நிலைபெற்றது என்பதே எம் வினா.

கணியம்பாடியில் கண்டது

ஆராய்ச்சிக்குள் புகுமுன், எம் வினாவிற்கு வித்தாக அமைந்த ஒரு காட்சியைக் கூறுதல் வேண்டும். எம் ஊர் கணியம்பாடி. அது வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. அப்பகுதி ஊர்களில் உழவர் ஒருபாலாக, தோல் பதனிடும் கூடங்களுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வேலைக்குச் செல்வோர் ஒருபாலாவர். 1980களின் இறுதியில் யாம் சிறுவராயிருந்தபோது, பேருந்து நிறுத்தத்தை அடுத்த டீக்கடையில் நாளொன்றுக்கு ஓர் இதழே வாங்கப்படும். விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திருப்போரோ பலர். ஆகலின் கடைக்காரர் தாள்களைத் தனித்தனியே பிரித்துப் பலகைகளின்மேல் இட்டுவிடுவார். ஒருவர் படிக்க நால்வர் கேட்பர்.

அவருள், தோல் ஷாப்பில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் வகுப்போடு பள்ளியை நீங்கியவர். சுண்ணாம்பு நீரில் பல்லாண்டு தோய்ந்து தடித்த விரல்கள் அவருடையவை. தலைப்புச் செய்திகளைப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். கன்னித்தீவு உள்ள தாள் வந்ததும் மற்றவரைப் படிக்கவிடார். முதலிற் படத்தை நெடிது நோக்குவார். பின்னர் விரலை எழுத்தின்கீழ் நகர்த்தி ஒவ்வொரு சொல்லாகக் கூட்டித் தாமே படிப்பார். ஏனைய செய்திகளைக் கேட்டே அமைந்த ஒருவர், இதனை மட்டும் தம் கண்ணாற் படிக்க விரும்பினார் என்பது குறிக்கத்தக்கது.

ஒருநாள் யாம் அவரை, “தாத்தா, இந்தக் கதை எப்பத்தான் முடியும்?” என்று வினவினோம். அவர் தாளினின்றும் கண்ணை எடாமலே, “முடிஞ்சிட்டா நாளைக்கு இன்னாடா படிக்கிறது?” என்றார். கடையில் இருந்தோர் நகைத்தனர்; யாமும் நகைத்தோம். பிற்காலத்தில் திறனாய்வு நூல்கள் பலவற்றைக் கற்றபோதும் அவ்விடை எம் நினைவினின்றும் அகலவில்லை. கதை முடிவை நோக்கிச் செல்வது என்று கருதியவர் யாம். நாளையை நோக்கிச் செல்வது என்று கருதியவர் அவர். இவ்விரண்டனுள் கன்னித்தீவிற்குப் பொருந்துவது அவர் கருத்தே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

முன்னோர் வழி

கன்னித்தீவு தமிழ்மக்கட்கு முற்றிலும் புதியதாக வந்து சேர்ந்ததன்று. கதைக்குள் கதை வைத்து நீட்டும் முறையை அவர்கள் விக்கிரமாதித்தன் கதையிலும் மதனகாமராஜன் கதையிலும் முன்னரே அறிந்திருந்தனர். ‘பெரிய எழுத்து’ என்னும் அடைமொழியோடு சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்ட நூல்கள், பருத்த எழுத்தும் இடையிடையே படமும் கொண்டு, புதிதாகப் படிக்கக் கற்றோர்க்குத் துணைநின்றன. சென்னை இரத்தின நாயகர் பதிப்புகளை இன்றும் முதியோர் நினைவுகூர்வர். படமும் எளிய சொல்லும் ஒருங்கு நின்று கதை கூறும் நெறியில் கன்னித்தீவு அந்நூல்களின் வழித்தோன்றல் என்க.

தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் வாழ்வோர்க்கு மற்றுமொரு பயிற்சி உண்டு. வேலூர், ஆர்க்காடு, ஆரணி, போளூர்ப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்தோறும் பாரத விழா நிகழும். பகலில் பாரதப் பிரசங்கியார் கதை சொல்லுவார். இரவில் தெருக்கூத்து நிகழும். கதை ஒரே நாளில் முடிவதில்லை. இன்று விட்ட இடத்தில் நாளை தொடங்கும். கேட்போர் எஞ்சிய பகுதியை நெஞ்சில் நிறுத்தி வயலுக்கும் வேலைக்கும் சென்று மறுநாள் மீள்வர். நாள்தோறும் சிறிது கேட்டு, எஞ்சியதற்குக் காத்திருத்தல் என்னும் பழக்கம் நாளிதழ் தோன்றுதற்கு முன்னரே இம்மக்களிடம் வேரூன்றியிருந்தது. அப்பழக்கத்தின்மீதே படக்கதை தன் இடத்தை அமைத்துக்கொண்டது என்பது எம் துணிபு.

கதைமாந்தரின் பெயர்களும் நோக்கத்தக்கன. சிந்துபாத்தும் லைலாவும் மூசாவும் அரபு நாட்டுப் பெயரினர். கடலோடியாகிய சிந்துபாத் ஆயிரத்தோர் இரவுகளின்வழி உலகெங்கும் அறியப்பட்டவன். ஆயின், அத்தொகுதியின் பழைய அரபுச் சுவடியில் அவன் கதை இடம்பெறவில்லை. தனியே வழங்கிய அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் காலான் தம் மொழிபெயர்ப்பில் இணைத்தார். ஆகவே, ஒரு கதையினின்று மற்றொன்றுக்குக் குடிபெயர்தல் சிந்துபாத்துக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு நாளிதழுக்குள் அவன் வந்தபோது அவனை அயலான் என்று எவரும் கருதவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் இந்துக்களும் முசுலிம்களும் ஒரே தோல் தொழிலைச் சார்ந்து வாழ்ந்து வருகின்றனர். அங்கே இவை அண்டை வீட்டுப் பெயர்கள். கதையின் நாடு எதுவென்று இதழ் கூறவேண்டிய தேவை அங்கு எழவில்லை.

மருட்கையும் அச்சமும்

இனி, கதையின் சுவையைத் தமிழ் இலக்கண நெறிகொண்டு நோக்குவாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நந்நான்கு என வகுத்தார். அவற்றுள் மருட்கை என்னும் வியப்புப் பிறத்தற்குரியன, முன் காணாத புதுமையும், அளவிறந்த பெருமையும், நுண்ணிதாகிய சிறுமையும், ஒன்று பிறிதொன்றாய்த் திரியும் ஆக்கமும் ஆம். பேரிலக்கியங்களைக் கருதி வகுத்த இவ்வளவுகோலைப் படக்கதைக்குப் பொருத்துதல் மிகையெனத் தோன்றலாம். பொருத்திப் பார்க்குங்கால் விளைவது வியப்பளிக்கின்றது.

சிந்துபாத் காலடி வைக்கும் ஒவ்வொரு தீவும் புதுமை. ஆங்கு எதிர்ப்படும் அரக்கரும் பேருருவுடைய விலங்குகளும் பெருமை. மந்திரத்தால் உருமாறும் பொருள்களும் உயிர்களும் ஆக்கம். எஞ்சிய சிறுமையோ கதையின் நடுவிலேயே லைலாவின் வடிவில் நிற்கின்றது. நான்கு களங்களும் ஒரு கதையில் ஒருங்கே அமைதல் அரிது. கன்னித்தீவிலோ அவை கருவிலேயே அமைந்துவிட்டன. அச்சத்திற்கு அவர் கூறிய நான்கும் இவ்வாறே. வருத்தும் தெய்வமும் பேயுமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தண்டிக்கும் அதிகாரமுடைய இறை ஆகியவையே சிந்துபாத்தின் வழியை மாறி மாறி மறிக்கும் இடையூறுகள். கதை எழுதியோர் மெய்ப்பாட்டியலைக் கற்று எழுதினர் என்று யாம் கூறவில்லை. மக்கள் உள்ளம் எவற்றைக் கண்டு வியக்கும், எவற்றைக் கண்டு அஞ்சும் என்பதைத் தொல்காப்பியர் அளந்து கூறினார். அதே உள்ளத்தை நாள்தோறும் எதிர்நோக்கி எழுதியவர்கள் தம் பட்டறிவால் அதே இடத்தை அடைந்தனர். இலக்கணத்தின் உண்மைக்கு இஃது ஒரு சான்றுமாகும்.

எனினும், வியப்பும் அச்சமும் மட்டும் அறுபது ஆண்டு நிற்பதற்குப் போதியன அல்ல. அவை மீண்டும் மீண்டும் வரின் மழுங்கும் இயல்பின. நூறாவது தீவு முதல் தீவைப்போல் வியப்பளியாது. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழி வெளிவந்த இரும்புக்கை மாயாவியும், 1984ஆம் ஆண்டில் தோன்றிய ராணி காமிக்ஸ் இதழும் கன்னித்தீவினும் மிகுந்த விரைவும் விறுவிறுப்பும் உடைய கதைகளைத் தமிழ்ச் சிறுவர்க்கு அளித்தன. அவற்றை விரும்பிப் படித்தவர்களும் காலையில் கன்னித்தீவைப் பார்ப்பதை விடவில்லை. ஆகவே விறுவிறுப்பின் வேறாகிய காரணம் ஒன்று இருத்தல் வேண்டும்.

சுமந்து செல்லும் கடமை

அக்காரணம் லைலாவின் சிறுமையில் உள்ளது என்பது எம் கருத்து. பிற வீரக்கதைகளில் தலைவன் தொலைவிலுள்ள தலைவியை மீட்கச் செல்வான். அவள் ஓரிடத்தில் சிறைப்பட்டிருப்பாள். அவன் பிறிதோரிடத்தில் போரிடுவான். மீட்சி நிகழும்வரை அவள் கதைக்கு வெளியே நிற்பாள். கன்னித்தீவின் கருவிலோ மீட்கப்படவேண்டியவள் மீட்பவனுடனே இருக்கின்றாள். அவன் அவளைக் கண்டடையவேண்டியதில்லை. அவளுக்கு உரிய உருவை மீட்டுத் தரவேண்டும். தேடிச் செல்லும் குறிக்கோளையும் உடன் கொண்டுசெல்லும் பொறுப்பையும் ஒருவரிடத்தே அமைத்தமை இக்கருவின் தனிச்சிறப்பு.

இதனால் விளையும் பயன்கள் இரண்டு. ஒன்று, கதை எத்துணைக் கிளைத்துச் சென்றாலும் படிப்போன் தலைக்கருவை மறவான். ஒரு கட்டத்தில் லைலாவின் சிற்றுருவைக் கண்ட அளவில், இவன் எதற்காக அலைகின்றான் என்பது நினைவுக்கு வந்துவிடும். ஓராண்டு இதழைக் காணாதிருந்தவனும் மீண்டும் வந்து சேரலாம். வேலை தேடிப் பிற ஊர் சென்று மீள்வோர் மிகுந்த எம் பகுதியில் இஃது எளிய பயன் அன்று. மற்றொன்று, அக்கடமை எல்லோரும் அறிந்த வாழ்க்கைநிலை ஒன்றனை ஒத்துள்ளது. தீர்க்கப்படாத ஒரு பொறுப்பை உடன் சுமந்துகொண்டே அன்றாட இடையூறுகளைக் கடத்தல் உழைக்கும் மக்களின் வாழ்க்கை. மகளின் திருமணம், அடகிலுள்ள நிலம், முடியாத வீடு என ஒவ்வொருவரிடமும் தம் கைப்பிடிக்குள் ஒரு லைலா இருக்கின்றாள். அவளை முழுவுருவில் காணும் நாள் நாளையாக இருக்கலாம். இன்று கடக்கவேண்டியது இன்றைய விலங்கு ஒன்றே. அம்முதியவர் படத்தை நெடிது நோக்கியதன் காரணம் இதுவாகலாம் என்று இப்போது கருதுகின்றோம்.

முடியாமையின் இருவகை

‘கன்னித்தீவு மாதிரி நீள்கிறது’ என்னும் வழக்கு தமிழ்நாடெங்கும் உண்டு. இழுபடும் வழக்கையும், கட்டி முடியாத பாலத்தையும், தொடர்ந்து தள்ளிப்போகும் திருமணப் பேச்சையும் அவ்வாறு கூறி நகைப்பர். ஒரு கதையின் பெயர் பழமொழிக்கு நிகராக வழங்குதல் பெருஞ்சிறப்பு. ஆயின், அவ்வழக்கு இகழ்ச்சிப் பொருளில் வருதலின், முடியாமையே இக்கதையின் குற்றம் என்று பலர் கொண்டனர். இதனை ஆராய்தல் வேண்டும்.

முடிவுள்ள தொடர்களைத் தமிழர் அறியாதவரல்லர். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து முற்றுப்பெற்றது. அது நூலாகி மீண்டும் மீண்டும் படிக்கப்படுகின்றது. முடிந்தமையால் அது நிலைத்தது. பிறநாட்டுப் படத்தொடர்களிலும் இருநிலை காண்கின்றோம். அமெரிக்க ஓவியர் சார்லசு சூல்சு 1950 முதல் தாமே வரைந்த ‘பீனட்சு’ தொடர், 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்த மறுநாள் வெளிவந்த பகுதியோடு நின்றது. அதனைப் பிறர் தொடரவில்லை. லீ பாக் 1936இல் தொடங்கிய முகமூடி வீரர் மாயாவியின் தொடரோ 1999இல் ஆசிரியர் மறைந்த பின்னும் பிறர் கையால் தொடர்ந்தது. முன்னது ஓர் ஆசிரியரின் உள்ளம். அவரோடு முடிதலே அதற்கு அழகு. பின்னது ஒரு மரபு. கைமாறுதல் அதன் இயல்பு. கன்னித்தீவு இப்பின்னதன் இனத்தைச் சார்ந்தது. அதனைப் படித்த இலட்சக்கணக்கானோருள் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் கூற வல்லார் மிகச் சிலரே. ஆசிரியன் பெயர் அறியாது பயிலும் நாட்டுப்புறக் கதையின் தன்மையை அச்சேறிய கதை ஒன்று பெற்றது தமிழில் அருநிகழ்ச்சி.

முடியாமை இருவகைத்து. நாள்தோறும் சிறிதேனும் தந்து மறுநாளுக்கு அழைக்கும் முடியாமை ஒன்று. ஒன்றும் தாராது காக்கவைக்கும் முடியாமை மற்றொன்று. பாலாற்றங்கரை மக்கள் இரண்டாவதையும் நன்கு அறிவர். தோல் கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டமை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த பின்னும், இழப்பீடு பற்றிய சிக்கல் பல்லாண்டு நீடித்தது. அத்தகைய காத்திருப்பையும் கன்னித்தீவு என்றே மக்கள் கூறுவாராயின், அஃது இக்கதைக்குச் செய்யும் அநீதி. சிந்துபாத் எந்நாளும் வாளாவிருந்தான் அல்லன். அவன் ஒவ்வொரு நாளும் ஓரடியேனும் வைக்கின்றான். காலையில் இதழை விரித்தவனுக்கு மூன்று கட்டம் கிடைத்தே தீரும். வாக்களித்ததை முழுதும் தாராவிடினும் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பாமையே அக்கதையின் நேர்மை. மக்கள் அதன்மீது வைத்த நம்பிக்கைக்கு அந்நேர்மையே அடிப்படை.

குறைகள்

ஒரு படைப்பின் பெருமையைக் கூறுவோர் அதன் குறையையும் கூறக் கடமைப்பட்டவர். பழக்கத்தால் மட்டுமே இக்கதை நின்றது, நிறுத்தினால் வாசகர் குறைவர் என்னும் அச்சத்தால் இதழ் அதனை நிறுத்தவில்லை என்பார் உளர். இதில் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். ஆயின், நாளிதழ்களில் தொடங்கிய தொடர்கள் எண்ணிலடங்கா; அவையெல்லாம் பழக்கமாகவில்லை. ஒன்று மட்டும் பழக்கமானதற்குக் காரணம் கேட்குங்கால், பழக்கமே காரணம் என்பது விடையாகாது.

வலிமையுடைய குறைகள் வேறு இரண்டு. முதலாவது, லைலாவின் நிலை. கருவின்படி அவள் மீட்கப்படுபவள். செயல் முழுதும் சிந்துபாத்துக்கு உரியது. பெரிய எழுத்து நூல்களின்வழி அல்லியரசாணியை அறிந்த மக்கட்கு இத்தகைய தலைவி போதாள். தன் ஆணையால் நாடாண்ட அல்லி எங்கே, பிறர் கையில் சுமக்கப்படும் லைலா எங்கே? இன்று எம் பகுதியில் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறி ஷூ தைக்கச் செல்வோருள் பெரும்பகுதியினர் பெண்கள். குடும்பத்தின் பொறுப்பைச் சுமப்பவர் அவர், சுமக்கப்படுபவர் அல்லர். கதையின் பொருளைச் சிந்துபாத்தின் உழைப்பில் கண்ட யாம், அவ்வுழைப்பு இன்று லைலாக்களின் தோளில் இருப்பதைக் கூறாது விடுதல் பிழையாகும்.

இரண்டாவது, அழுகை இன்மை. பாரத விழா படுகளத்தில் முடியும். மண்ணாற் செய்த துரியோதனன் பேருரு வீழ்த்தப்படும். கதையை முன்னரே அறிந்தும் மக்கள் கலங்குவர். முடிவு உண்மையின், இழப்பு உண்டு. இழப்பு உண்மையின், அவலம் உண்டு. மூப்பும் சாவும் அணுகாத சிந்துபாத்தின் கதையில் அவ்வாழத்திற்கு இடமில்லை. அவன் இளமை மாறாது நிற்ப, அவனைப் படித்தவரே மூத்து மறைந்தனர். ஆகலின் இதனைக் காப்பியத்தோடு ஒருங்கு வைத்தெண்ணல் ஆகாது. மருட்கையில் நிறைவும் அவலத்தில் வறுமையும் உடையது இது என்று அளந்து கூறுதலே நடுவுநிலை.

நாம் செய்யத்தக்கது

இவ்வளவும் கூறியதன் நோக்கம் புகழ்ச்சியோடு அமைதல் அன்று. நாளிதழ்த் தாள் விரைவிற் பழுக்கும். மடித்த இடத்தில் ஒடியும். டீக்கடைப் பலகையில் கிடந்த தாள்கள் மறுநாள் பொட்டலமாயின. 1960களில் வந்த பகுதிகளை வரிசையாகக் காண விரும்பும் மாணவன் இன்று எளிதிற் காண இயலாது. மூவாயிரம் பகுதிகளேனும் ஒருங்கு கிடைத்தாலன்றி, சொற்களின் மாற்றம், பேச்சு வழக்கின் புகுவாய், ஓவிய மரபின் திரிபு, கிளைக்கதைகளின் மூலம் ஆகியவற்றை ஆராய வழியில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பெருநூல்களோடு நாடக அறிக்கைகளையும் சிறு வெளியீடுகளையும் தேடித் தொகுத்தார். பிறர் எறிந்தவற்றை அவர் காத்தமையால் 1994ஆம் ஆண்டு முதல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் ஒன்று இயங்குகின்றது. அவர் காட்டிய வழி தமிழ்த்துறைகட்கும் உரியது.

தாளினும் விரைவாக மறைவது படித்தோர் நினைவு. கன்னித்தீவால் எழுத்துக்கூட்டக் கற்றவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். முதுகலை மாணவர்கள் தத்தம் ஊரில் பத்துப் பேரைக் கண்டு, எங்கே படித்தீர், யார் படித்துக் காட்டினார், எப்பகுதி நினைவில் உள்ளது என வினவி எழுதிக்கொள்ளின், தமிழ்நாட்டு எழுத்தறிவின் வரலாற்றில் பிறிதெங்கும் கிடையாத சான்றுகள் கிடைக்கும். பாடநூல்களைக் கொண்டு அவ்வரலாற்றை எழுதுவோர், பள்ளியை இரண்டாம் வகுப்போடு நீங்கியவர் பின்னர் எதனைப் படித்தார் என்பதை எவ்வாறு அறிவர்?

எமக்கு விடைகூறிய முதியவரை அன்று யாம் இவ்வாறு வினவி எழுதிக்கொண்டிலேம். வினவும் அறிவு எமக்கு வந்தபோது அவர் இலர். அவர் அமர்ந்திருந்த பலகையும் இன்று அவ்விடத்தில் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்போர் கையில் அலைபேசி உள்ளது. ஆயினும் கணியம்பாடியில் அவர் வயதினர் இன்னும் சிலர் உளர். வரும் விடுமுறையில் அவர்களைக் காணக் கருதியுள்ளோம். அப்பணியை ஏனைய ஊர்களில் மேற்கொள்ள முன்வரும் மாணவர்க்கு இயன்ற துணைபுரிதல் எம் கடன்.